காருக்கு அடியில் ஒரு துண்டு சோப்பு

துணி சோப்பும் என்ஜின் ஆயிலும் கலந்த வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால், இத்தனை வயதிலும் நான் குனிந்து தரையைத்தான் பார்ப்பேன். மல்காஜ்கிரி ரயில்வே க்வார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பத்து வயது. ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா, யார் யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். "ரயிலுக்கு ஓசி பாஸ் இருக்கிறப்ப கார் கைக்கு, எதுக்கு?" என்று அந்த ஊர் உருதுவைக் கலந்து பக்கத்து வீட்டு மாமா கிண்டலடிப்பார். ஓசி ரயிலைவிடச் சொந்தக் கார்தான் அப்பாவுக்குக் கௌரவம்.

அந்தக் கார் சொட்டும். விடிகாலையில் அம்மா கோலம் போட வரும்போது தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருக்கும். "சொட்டுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்" என்று அப்பா அலட்டிக்கொள்ளாமல் சொல்லுவார். அவர் எழுந்து வருவதற்குள் அம்மா மரத்தூளைக் கொட்டித் தேய்த்துக் கழுவி, அதன்மேலேயே கோலத்தையும் போட்டுவிடுவாள். கறை எவ்வளவு என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் கோடையில் குந்தக்கல்லில் இருந்த அம்மாவின் அண்ணன் புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷமாயிற்று. அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். காரில்தான் போவது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ரயிலில் போகலாமே என்றால், "என் வண்டி மேல நம்பிக்கை இல்லையா?" என்று கத்துவார், அந்த வரிசை வீடு முழுக்கக் கேட்கும். ஒரு வாரம் முன்னால் நீளமான ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்து, என்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். "கிளம்புற அன்னிக்குப் பார்ப்பேன். தரை காய்ஞ்சிருந்தா போறோம். ஒரு சொட்டு இருந்தாலும் கழட்டிப் பார்த்துட்டுத்தான்."

கழட்டுவதா! அவர் கழட்டிய டேபிள் ஃபேன் இரண்டு கோடையாகக் கட்டிலுக்கு அடியில் துண்டு துண்டாகக் கிடந்தது.

முறுக்கிய பிறகு கறை குறையவில்லை, பெருத்தது. அவர் முறுக்கிய முறுக்கில் நட்டின் மரை கெட்டுப் போயிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அப்பா சைக்கிளில் டியூட்டிக்குப் போயிருந்த நேரம், அம்மா என் கையில் ஒரு துண்டு சோப்பைக் கொடுத்தாள். "பஸ்காரங்க டீசல் டாங்க் ஓட்டையை இத வச்சுத்தான் அடைப்பாங்க, நான் பார்த்திருக்கேன். இந்த வயித்தோட என்னால அடியில நுழைய முடியாதுடி." நான் மல்லாந்து உள்ளே நகர்ந்து, பழந்துணியால் துடைத்துவிட்டு, நட்டைச் சுற்றிச் சோப்பை அப்பி அமுக்கினேன். "அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சுதா?" என்றாள். "ஹவ்" என்று தலையாட்டினேன்.

மறுநாள் அப்பா குந்தி உட்கார்ந்து தரையை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "பார்த்தியா, நம்ம கை பட்டா நிக்காம இருக்குமா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நான் போய்ப் பின் சீட்டில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஜட்சர்லா ஊரைத் தாண்டும்வரை நான் பின் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். அம்மாவின் கை என் முழங்காலை இறுக்கும். திடீரென்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. "அப்பா, அது என்னப்பா?" என்று கேட்க மட்டும்தான் எனக்கு வாய் வந்தது. அவர் பார்ப்பதற்குள் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அடியில் நட்டும் இல்லை, சோப்பும் இல்லை, உள்ளே ஒரு சொட்டு ஆயிலும் இல்லை.

நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. காருக்குள்ளே உட்கார முடியாத புழுக்கத்தில் ரோட்டோரம் உட்கார்ந்த அம்மா, "வயிறு இழுக்குதுங்க" என்றாள். ஐயோ, குழந்தை செத்துப்போனால் நான்தானே கொன்றேன் என்று நினைத்தேன். அந்த மாதிரி பயம் அதற்கப்புறம் எனக்கு வந்ததே இல்லை. கடைசியில் ஒரு லாரி நின்றது. "டர்னா நக்கோ, பேட்டி", பயப்படாதே மகளே என்று என் தலையைத் தட்டி, அந்த டிரைவர்தான் எங்களை மகபூப்நகர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழந்தை, என் தம்பி, இன்றைக்குத் தொப்பையும் வழுக்கையுமாக நன்றாகவே இருக்கிறான். ஆகிப்போனது அப்பாவுக்குத்தான். காரைப் பழைய இரும்புக்குப் போட்டார். "கழட்டிப் பார்க்காம விட்டுட்டேனே, எனக்கென்ன வேலை தெரியும்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அந்த க்வார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா மௌலா அலியில் என்னோடு இருக்கிறார். போன மாதம், பன்னிரண்டு வருஷமாக நான் ஓட்டுகிற காருக்கு அடியில் இரண்டு சொட்டு ஆயிலைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கிடம் காட்டணுமாப்பா என்று கேட்டேன். "என்னைக் கேக்காதம்மா. எனக்கு வண்டி பார்க்கத் தெரியாது" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சோப்புத் துண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அவளுக்கு என்கிட்ட அவ்வளவு பயமா?" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன். "எனக்கும்தான்."