ரமாபாய் கை வைத்தால் ஓடும்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் ரமாபாய் முதலில் மோந்து பார்க்கிறார். "கரி" என்கிறார். பிறகுதான் ஒயர் கூடையிலிருந்து பெயிண்ட் பிரஷ் வெளியே வருகிறது. ராயபுரத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் துறைமுகத்து நிலக்கரித் தூசி இல்லாமல் இருக்காது. உள்ளே இருக்கும் விசிறியில் அது அப்பிக்கொண்டால் சூடேறும். சூடேறினால் வேகம் போய்விடும். "நம்ள மாரிதான். வேர்த்துகினு கெடந்தா வேலை ஓடுமா?"

வியாசர்பாடிக்காரர். நாற்பதை நெருங்குகிறார். கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் டேட்டா என்ட்ரி செய்தவர். அங்கே கம்ப்யூட்டர் திணறி நின்றபோதெல்லாம் சும்மா உட்கார முடியாமல் நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டதுதான் இன்றைய தொழில். வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை வாடிக்கையாளர்கள். திரையோடு பேசிக்கொண்டே வேலை செய்வார். மணல் கடிகாரம் சுழன்றால், "எழுந்துரு கண்ணு, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பார். 'ஃபார்மேட்' என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கீழ்வீட்டு இருதயம்மாள் அந்தச் சொல்லோடுதான் நின்றிருந்தார்.

"ஃபார்மேட் பண்ணணுமாம், மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புச்சா போடணும்னு முன்ன வந்த ஆளு சொல்லிட்டான் ரமா. சைமன் அனுப்ச்ச போட்டோல்லாம் உள்ள கீதே!"

மகன் சைமனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. முகம் பார்த்து ஒன்பது மாதம். அன்று ஒருநாள்தான் கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறது. நம் நேரம் பதினொரு மணிக்கு கேமராவில் வருவதாகச் சொல்லியிருந்தான். அப்போதே மணி பத்து. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே பன்னிரண்டு நிமிடம் ஆனது.

"கரப்பான்பூச்சி வந்துச்சுன்னு வூட்டையா இடிப்பாங்க? நீ கம்முனு குந்துக்கா."

தூசி போனது. மெஷினோடு சேர்ந்து தானாக எழுகிற புரோகிராம்களை எண்ணினார் ரமாபாய்: முப்பத்தொன்று. பியானோ, பிரெஞ்சு அகராதி, ஜாதகம், மூன்று ஆன்டி-வைரஸ்.

"ஒரே கேட்ல மூணு வாட்ச்மேன் நின்னுகினா அவுங்களுக்குள்ளயே அடிச்சிக்குவாங்கோ. யாருக்கா இத்தெல்லாம் போட்டது?"

இருதயம்மாளின் கணவர் லூயிஸ், கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாசலில் நின்று விட்டத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் புக்கோட சி.டி. சும்மா குடுக்கறான். போட்டுப் பாக்க வேணாமா?"

"பேஜாரு புட்ச்ச ஆளு நைனா நீ!" ரமாபாய் சிரித்துவிட்டார். இருதயம்மாள் சிரிக்கவில்லை. "புள்ள மூஞ்சிய மட்டும் பாக்காம போனேன்..." லூயிஸ் மெல்ல நழுவிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றையும் "இது வோணுமா?" என்று கேட்டுத்தான் நீக்கினார் ரமாபாய். ஜாதகம் வந்தபோது, "அய்யோ சேசுவே, தூக்கு தூக்கு!" என்றார் இருதயம்மாள்.

மறுபடி போட்டபோது ஒன்றரை நிமிடத்தில் எழுந்தது. போட்டோக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பதினொன்று அடித்துச் சற்று நேரத்தில் கன்னம் ஒட்டிய, தாடி வைத்த சைமன் திரையில் வந்தான்.

"யம்மா! நீ தெரிய மாட்டேன்றியே... ஒரே இருட்டா கீது."

கேமரா ஒயர், கம்ப்யூட்டரின் பின்னால் சரியாகப் பொருந்தாமல் ஆடியது. ரமாபாய் மேசைக்கடியில் நுழைந்து பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"ஆங், தெரியுது! இன்னாமா, அழுவுறியா? அப்பா எங்க?"

இருதயம்மாள் வாசலைப் பார்த்தார். லூயிஸ் அங்கே வந்து தயங்கி நின்றிருந்தார். மேசைக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது. பிளக்கை அழுத்திய விரலை எடுக்காமலே, மறு கையால் ஒரு ஸ்டூலை இழுத்து இருதயம்மாள் பக்கத்தில் போட்டு, லூயிஸைப் பார்த்து அதை இரண்டு முறை தட்டினார் ரமாபாய்.