செய்முறையைக் கடைசிக்குத் தள்ளியவள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டர்களைத் தவிர. அவர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, விரலை நீட்டுவதோடு சரி. அவள் வார்டு உதவியாளர். நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பாள், விரிப்பு மாற்றுவாள், ரத்தமும் சிறுநீரும் பிடித்த குப்பிகளைக் கீழ்த்தளத்து லேபுக்கு எடுத்துப் போவாள். லேபின் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். மணியை அழுத்தினால் உள்ளிருந்து கையுறை போட்ட கை ஒன்று வரும், குப்பியை வாங்கிக்கொள்ளும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கைக்குரிய முகத்தை அவள் ஒழுங்காகப் பார்த்தது கூடக் கிடையாது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அதற்கு உயிரியலில் பட்டம் வேண்டும் என்றார்கள். சரி, வாங்கிவிட்டால் போயிற்று என்று, மகளைக் கட்டிக் கொடுத்த கையோடு கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். வார்டில் சிரிக்காத ஆள் இல்லை. டாக்டரம்மா என்ற பெயர் அன்று ஒட்டியதுதான்.

அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு பாடமும் இரண்டு துண்டு. எழுத்துப் பாடம் சாயங்காலத்திலும் நடக்கும், வேலைக்குப் போகிறவர்கள் வரலாம். செய்முறை வகுப்பு மட்டும் பட்டப்பகலில்தான். லேபைத் திறந்து வைத்திருக்கும் ஊழியர்களுக்கும் வீடு வாசல் உண்டே. அவளுக்கோ பகல் முழுக்க வார்டு. உட்கார்ந்து யோசித்தாள். முதலில் எழுத்துப் பாடங்களை எல்லாம் முடித்துவிடுவது, பிறகு ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டு செய்முறை வகுப்புகளை மொத்தமாக ஒரே மூச்சில் முடிப்பது. கேட்கிறவர் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாத திட்டம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. இவள் ஆஸ்பத்திரியையே நடத்தலாம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில் அப்போதிருந்த பாட ஆலோசகரும் ஒவ்வொரு பருவமும் அவள் நீட்டிய தாளில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

அப்படியே செல் உயிரியல், மரபியல், நுண்ணுயிரியல் என்று ஒவ்வொன்றாகத் தேறினாள். கெமிஸ்ட்ரி அவளைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்தது. இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினாள். அன்று வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். சிரித்தவர்களும் வாங்கித் தின்றார்கள்.

எழுத்துப் பாடங்கள் எல்லாம் முடிய ஐந்தாறு வருஷம் ஆயிற்று. அடுத்தது நிரந்தர ராத்திரி ஷிப்ட், அது சும்மா கிடைக்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பகல் வேலை கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் அழுதுகொண்டிருந்தாள். தன் பகலை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவளுடைய ராத்திரியை இவள் வாங்கிக்கொண்டாள். இனி மாற்றக் கேட்கக் கூடாது என்று தலைமை நர்ஸ் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் நேராகக் கல்லூரிக்குப் போனாள், செய்முறை வகுப்புகளுக்குப் பதிவு செய்ய.

ஆலோசகர் புது ஆள், இளவயது. கம்ப்யூட்டரில் அவள் விவரத்தைத் திறந்து பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார், இன்னொரு தடவை மேலே போனார். ஏதோ சரியில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

எழுத்துப் பாடம் தேறி மூன்று வருஷத்துக்குள் அதன் செய்முறையையும் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேறியது செல்லாது என்று மென்று விழுங்கிச் சொன்னார். கடைசியாகத் தேறிய இரண்டு பாடங்கள்தான் தப்பின. மீதி எல்லாம் காலாவதி, கெமிஸ்ட்ரி உட்பட. மருந்துக்குத்தான் காலாவதி உண்டு என்று அதுவரை நினைத்திருந்தாள்.

இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையே என்று கேட்டாள். விதி கையேட்டில் இருக்கிறது என்றார் அவர். இருக்கத்தான் செய்தது. ஆனால் அது யாரையும் தொட்டதில்லை. பகலில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு துண்டையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். சாயங்காலம் வருகிறவர்களோ பாதியிலேயே நின்றுபோவார்கள். எல்லா எழுத்துப் பாடத்தையும் முடித்துக்கொண்டு செய்முறைக்கு வந்து நிற்பவர் ஒருவர் இருப்பார் என்று அந்த விதியை எழுதிய மகானுக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்களைப் போல அவளும் பாதியில் நின்றுபோயிருந்தால் இந்த விதி அவளுக்குத் தெரியவே வந்திருக்காது. விடாமல் படித்ததற்குக் கிடைத்த தண்டனை இது. கேட்கிற யாருக்கும் வயிறு எரியும்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் ஆலோசகர். "மறுபடி சேர்ந்தீங்கன்னா இந்தத் தடவை ரெண்டையும் சேத்தே எடுத்துடலாம். நானே திட்டம் போட்டுத் தரேன்."

"உங்க மேல தப்பில்ல சார்," என்று எழுந்துகொண்டாள். தப்பு யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தைய ஆலோசகர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். திட்டம் அவள் போட்டது. வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். யாருக்கோ அம்மா, யாரையோ அழைத்துப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிரவு வேலைக்குப் போனாள். போகாமல் முடியுமா. மறுநாள் காலை வீட்டுக்கு வந்த பிறகுதான் கணவரிடம் சொன்னாள். அதனாலென்ன, ஒருமுறை தேறியவளுக்கு மறுமுறை கஷ்டமா, கெமிஸ்ட்ரியையே ஒரு கை பார்த்தவள் நீ என்று அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். அவர் முடித்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"படிக்கிறது எனக்குக் கஷ்டமில்லங்க. மறுபடி முதல்ல இருந்து ஆசப்படணுமே, அதுதான் என்னால முடியாது."

அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செய்முறை வகுப்பு தொடங்கினால், அவர் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது தன்னை எழுப்பிவிட வேண்டும் என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்த நினைப்பில், வாசலில் திரும்பி, "மதியம் எழுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் அவள்.

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவரும் செருப்பை மாட்டியபடி நின்று யோசித்துப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.