அருள் அண்ணை அடித்த அடி

தொலைபேசி வந்தபோது, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள என் கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அருள் அண்ணையின் மகள். "அப்பா விடிய மோசம் போயிட்டார், அங்கிள். ஆக்களுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை." செத்தவீட்டுக்கு ஆள் கூப்பிடவே அந்தப் பிள்ளை பயந்ததற்குக் காரணம் நான்தான். ஆகவே இந்த நினைவு மலரில் நானே எழுதுகிறேன்.

அண்ணை கொழும்புத் துறைமுகத்தில் கிளாக் வேலை பார்த்தவர். ஹொக்கி ஆடும் ஆசையில் இலங்கை இராணுவத்தின் தொண்டர் படையணியில் சேர்ந்தவர். கிழமைக்கு ஒருநாள் பயிற்சி. சண்டை தொடங்கியதும் அந்தப் படையணியை முழுநேரச் சேவைக்கு அழைத்து, வவுனியாச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். "விளையாடப் போனனான். விலத்தி வர விடேல்லை" என்று மகளிடம் சொல்வாராம்.

அந்தச் சாவடியில் சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் இருப்பான். வரிசையில் வருபவரைப் பார்த்து அவன் தலையாட்டினால், அந்த ஆள் வீடு திரும்பமாட்டார். என் முறை வந்தபோது, பக்கத்தில் நின்ற சிப்பாய், "வரிசையைக் குழப்பாதையடா, நாயே!" என்று தமிழில் கத்தி, கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அப்பால் போய் விழுந்தேன். எழும்பித் திரும்பிப் பாராமல் ஓடினேன்.

பல வருடம் கழித்து, ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகளைக் கூட்டிப்போனேன். ஒருவர் பிள்ளைகளை, "வரிசை, வரிசை!" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஐயோ, அதே குரல்! எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "இந்தாள் ஆமிக்காரன்! எனக்கு அடிச்சவன்!" என்று பெற்றோர் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஓம் தம்பி, நான்தான்" என்றார். வகுப்பை விட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

போன வருடம் ஹரோ ரயில் மேடையில் தனியாக நின்றார். விடுவேனா? "ஏன் எனக்கு அடிச்சனீங்கள்?" என்று வழிமறித்தேன்.

"தலையாட்டி உன்னைப் பார்த்துத் தலையாட்டினவன். அதிகாரி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டவர். அவர் திரும்பமுதல் உன்னை அடிச்சு விழுத்தினனான். அவர் திரும்பேக்கை உன்ர இடத்தில பின்னால நிண்டவன் நிண்டான். அவனைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள்."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவனையும் சொல்லவேணும், தம்பி. உன்ர முகம் எனக்கு மறந்து போச்சு. அவன்ர முகம் போகேல்லை. நீலச் சேட்டு போட்டிருந்தவன். கையில ஒரு இறாத்தல் பாண். இதை நீயும் வைச்சிரு. நான் போனா ஒருத்தருக்கும் தெரியாது."

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். அன்று கத்தத் தெரிந்த எனக்கு, இதை உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். அவர் செத்தவீட்டில் ஒன்பது பேர் நின்றோம்.

அண்ணை தந்தது இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த நாட்களில் வவுனியாவில் நீலச் சேட்டோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், என் கடைக்கு வாருங்கள். அவருக்கு முன்னால் நின்றவன் நான்.