கட்டு பிரித்த பிறகும் வளரும் கால்

எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் அவளுக்கு விடாக்கண்டி என்று பெயர். வைத்தது நான்தான். மாவுக்கட்டு போடுவதும் பிரிப்பதும் என் வேலை. பட்டப்பெயர் வைப்பது சம்பளமில்லாத கூடுதல் பொறுப்பு. அவள் ஆராய்ச்சி உதவியாளர். எலும்பு உடைந்து ஆறிய குழந்தைகளின் கைகால் அதன்பிறகு ஒழுங்காக வளர்கிறதா என்று வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டு பிரித்த பிறகு எந்தக் குழந்தையாவது ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்குமா?

தையற்காரரின் மகளும் அப்படித்தான் வராமல் போனாள். மாடிப்படியில் விழுந்து கணுக்காலுக்கு மேலே உடைத்துக்கொண்ட சின்னப் பெண். உடைந்த இடத்தில்தான் எலும்பை நீளவைக்கும் குருத்தெலும்பு இருக்கிறது. அது பழுதானால் எலும்பு ஒட்டிய பிறகும் கால் வளர்வது நின்றுபோகலாம். வலிக்காது, வீங்காது, வெளியே தெரியாது.

"வராத கேஸை விட்டுத்தள்ளும்மா, அடுத்ததைப் பாரு" என்றார் பெரிய டாக்டர்.

"அவ கால் வளராம நின்னுடுச்சுன்னா யாரு சார் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் தடவை போனபோது அம்மாக்காரி வாசலிலேயே மறித்தாள். "புள்ள ஓடுது, குதிக்குது. நல்லா இருக்கிறவளை எதுக்கு மறுபடி படம் எடுக்கணும்?" கதவு சாத்தப்பட்டது. அடுத்த தடவை தட்டியும் திறக்கவில்லை. எனக்கே எரிச்சலாக வந்தது.

"உனக்கு மானம் ரோஷமே கிடையாதா?" என்றேன்.

"அதெல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு வச்சிருக்கேண்ணே" என்றாள்.

மூன்றாம் முறை வீட்டுக்குப் போகாமல் தையல் கடைக்கே போனாள். தையற்காரர் தன் மகளின் பள்ளிக்கூட பேண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என் கைக்கு என்ன கேடு வந்துச்சோ தெரியல மேடம். ஊருக்கெல்லாம் தைக்கிறேன், பெத்த பொண்ணுக்கு ஒரு கால் நீளமா வெட்டியிருக்கேன். பழைய பேண்டும் அப்படித்தான் தரையில இழுக்குது."

"எந்தக் கால்?"

"வலது."

உடைந்ததும் வலதுதான். "உங்க வெட்டுல தப்பில்ல. பொண்ணைக் கூப்பிடுங்க" என்றாள்.

சட்டை மடிக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாக அந்த வலது பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டே போனாள். இடுப்பின் இரண்டு பக்கமும் சமமானபோது அட்டைகள் ஒரு விரல்கடை உயரம் இருந்தன. அவர் தன் டேப்பை வைத்துத் தானே அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் எல்லாம் தெரிந்தது. குருத்தின் ஒரு ஓரம் எலும்பாக இறுகிக் காலைப் பிடித்து வைத்திருந்தது. வளர இன்னும் வயது மிச்சமிருந்ததால் இறுகியதை ஆபரேஷனில் சுரண்டி எடுக்க முடிந்தது. சில மாதங்களில் கால் மறுபடி நீளத் தொடங்கியது. ஆனால் ஆபரேஷன் அன்று தையற்காரர் வராந்தாவில் நின்று கத்தினார்: "கட்டு பிரிச்ச அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருந்தோம். எல்லோரிடமும் சொல்கிறோம். கட்டு கழன்று விழுந்து, குழந்தை விரலை அசைத்து, தாய் கண்ணைத் துடைக்கும் அந்த நேரத்தில்தான் சொல்கிறோம். யார் காதில் ஏறும்? விடாக்கண்டி திட்டை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் என் அறைக்கு வந்து, கட்டு வெட்டும் மெஷின்மேல் கையை வைத்தாள்.

"இனிமே சொன்ன பிறகுதாண்ணே வெட்டணும். அவங்க அதைத் திருப்பிச் சொல்லணும்."

"வெளிய கூட்டத்தைப் பார்த்தியா? டாக்டர் என்னைத்தான் வறுத்தெடுப்பாரு."

"வறுக்கட்டும்."

கட்டிலில் ஒரு கைக்கட்டுக் குழந்தை. கூட வந்த அப்பா அவசரப்பட்டார். "அதான் ஒட்டிடுச்சே, பிரிங்க சார்."

"பிரிச்ச பிறகு எதுக்கு வரணும்னு சொன்னேன்?" என்று கேட்டாள். அவர் விழித்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வலி இல்லாட்டியும் வரணும்" என்றார் அவர் மெதுவாக. "கை சரியா வளருதான்னு பார்க்கணும்."

அவள் மெஷின்மேலிருந்து கையை எடுத்தாள். "இப்ப வெட்டுங்கண்ணே."