உச்சிக்குழியில் வைத்த கருவி

என்னிடமுள்ள மருத்துவத் தாள்கள், என் காது கேட்ட சொற்கள், என் கண் கண்ட செயல்கள் ஆகியவற்றுக்கு அப்பாற்பட்ட எதையும் இங்கே எழுதமாட்டேன். ஒருவர் சரிபாராமல் சொன்ன சொல்லால் என் மகள் ஆறு மாதங்களை இழந்தாள். அதே பிழையை நானும் செய்தால் அவரைப் பழிக்கும் தகுதி எனக்கில்லாமற்போகும். அத்தகுதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எண்பதுகளின் நடுவில், ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள் என் மகள். அவளது இரண்டாம் மாதத்தில், சென்னை மருத்துவமனையொன்றில், அவளது உச்சிக்குழியில் பசை தடவிச் சிறு கருவியை வைத்து, மூளையைத் திரையில் காட்டினார் மருத்துவர். வலப்பக்கம் ஒரு வெண்திட்டு தெரிந்தது.

“லெஃப்ட் கால் கொஞ்சம் டைட்டாகலாம்மா. ஆகாமலும் போகலாம். மாசாமாசம் தூக்கிட்டு வாங்க, எக்சர்சைஸ் சொல்லித் தர்றோம்.”

நாங்கள் வாழ்ந்த செஞ்சியில், எங்கள் உறவினர் வீடுகளில், உச்சிக்குழி மூடும்வரை விளக்கெண்ணெய் வைக்கும் விரலன்றி வேறெதுவும் அங்கே படலாகாது. அடுத்த தெருவிலிருந்த என் கணவரின் தமக்கை, செய்தி கேட்டதும் வந்தார்.

“எண்ணயே பூ மாரி வைப்போம். நீ மிஷின வச்சி அழுத்த வுட்டியா? படிச்சவ இல்ல, அப்டித்தான் இருப்ப.”

“அழுத்தல அண்ணி. மேலாலதான் வச்சாங்க.”

“மேலால வச்சா உள்ள இன்னா தெரியும்?” என்றவர் தம்பியிடம் திரும்பினார். “இன்னொருவாட்டி மெட்ராஸ் பஸ் ஏறுன, என் வூட்டுப் படி ஏறாத.”

கணவர் பேருந்து ஏறவில்லை. தனியே செல்லும் துணிவு எனக்கும் அப்போது வரவில்லை. கடைத்தெருவில் என் மகளுக்கு ‘மிஷின் வச்ச கொழந்த’ என்று பெயராயிற்று. அப்பெயரைப் பூக்கடையில் அண்ணி சொல்ல நானே கேட்டேன். அவளுக்கு எட்டு மாதமானபோது நிறுத்திப் பார்த்தேன்; இடது குதிகால் தரையில் படியவில்லை. மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு தனியே சென்னை சென்றேன்.

ஈராண்டுக்குப் பின் அண்ணிக்கு மகன் பிறந்தான், அவனும் குறைமாதத்தில். அவனது வலக்கை அசையவில்லை. அண்ணி என் வாசலுக்கு வந்தார்.

“அந்த டாக்டர் அட்ரஸ் இருக்குதா?”

“தேடிப் பாக்கணும் அண்ணி. மேலால வைக்கிற மிஷின்ல இன்னா தெரியப்போவுது?”

முகவரி என் அலமாரியில் இருந்தது. ஒன்பது நாள் அதை நான் திறக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் அவர் வந்து நின்றார். ஒவ்வொரு மாலையும் “கெடைக்கல” என்றேன். அச்சொல் என் நாவில் இனித்தது.

பத்தாம் நாள், “நான் சொன்னது தப்புதான். போதுமா?” என்றார்.

“என்கிட்ட எதுக்கு? பூக்கடையில சொல்லுங்க.”

சொன்னார். கைக்குழந்தையைத் தோளில் சாத்தியபடி, பூ வாங்க வந்தோர் கேட்கச் சொன்னார். முழுவதும் கேட்டு முடித்த பிறகே முகவரியைக் கொடுத்தேன்.

இன்று என் மகள் நடக்கிறாள். இடது குதிகால் தரையில் படிவதில்லை. அவர் மகனின் வலக்கை முழுதாக விரிவதில்லை. அந்த ஆறு மாதப் பயிற்சி என் மகளின் காலை மாற்றியிருக்குமா என்பது தெரியவில்லை. நான் பிடித்துவைத்த ஒன்பது நாளால் அவனுக்கு ஏதேனும் குறைந்ததா என்பதும் தெரியவில்லை.