பவர் ஹவுஸ் பக்கத்து யன்னல்

யாக்கோப்பு டீசல் தாங்கிக்குள் கோலை விட்டு எடுத்துப் பார்த்தார். ஈரம் கோலின் அடியில் ஒரு சாணோடு நின்றுவிட்டது. "மாதாவே!" என்று வாய்விட்டே சொன்னார்.

நெடுந்தீவு பவர் ஹவுஸில் இஞ்சின் ஓட்டுகிறவர் அவர். கொறோனா ஊரடங்கில், அவரோடு வேலை செய்கிறவர்கள் அக்கரையில் அடைபட்டுப் போக, இப்போது தனியாள். டீசல் ஏற்றிய படகோ கச்சான் என்கிற மேற்குக் காற்றுக்குப் பயந்து குறிகட்டுவான் துறையில் கட்டிக் கிடந்தது. காற்றுத் தணிந்தால் பின்னேரம் வரும். தணியாவிட்டால்?

காலையில்தான் வானொலியில் ஒரு அம்மா சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: விமானம் இல்லை, வாகனம் இல்லை, உலகத்தின் கரிப்புகை குறைந்து வானம் தெளிந்துவிட்டதாம். தெளியட்டும், நல்லதுதான். ஆனால் இந்தத் தீவில் புகை நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிசனின் மூச்சும் நின்றுவிடுமே, அதை அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

அந்த மனிசன் சரவணமுத்து, மூச்சிழுப்பு வருத்தக்காரர். பவர் ஹவுஸ் புகைதான் தன் நெஞ்சைத் தின்றதென்று அவர் மேலிடத்துக்கு எழுதிப் போடாத பெட்டிசம் இல்லை. யாக்கோப்பைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். புகை வருகிற மேற்கு யன்னலை ஆணி அடித்தே மூடிவிட்டார். இப்போது கனடாவிலிருந்து மகன் அனுப்பிய ஒட்சிசன் மெசினில்தான் அவர் உயிர் ஓடுகிறது. மெசின் கறண்டில் ஓடுகிறது. கறண்டு யாக்கோப்பின் புகையில் ஓடுகிறது. கடவுளின் பகிடியைப் பாருங்கள்!

யாக்கோப்பு மற்ற லைன்களை எல்லாம் வெட்டி, சரவணமுத்து வீடு இருக்கிற தெருவின் லைனுக்கு மட்டும் சின்ன இஞ்சினைப் போட்டார். பாரம் காட்டுகிற ஊசி இறங்கவில்லை, ஏறியது! காரணம் அவருக்கு உடனே விளங்கியது. புகைபோக்கியில் புதுப்புகை கண்டால் போதும், அடுத்த கறண்டு வெட்டுக்கு முன்னம் தண்ணீர் நிரப்பிவிட வேண்டுமென்று அந்த லைனில் வீட்டுக்கு வீடு மோட்டரைப் போட்டுவிடுவார்கள். ஊரடங்கில் எல்லாச் சனமும் வீட்டில் வேறு. இந்த இழுவைக்குப் பின்னேரம்வரை டீசல் நிற்காது.

ஓடுகிற இஞ்சினைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். யாக்கோப்பு அந்தச் சட்டத்தையும் ஊரடங்கையும் ஒருமிக்க மிதித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

"மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ! சரவணமுத்தண்ணைக்கு மூச்சு வேணும்! எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ!"

கல்வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. ஒரு வீட்டு வாசல் படலையில் நின்ற நிலாந்தினி கேட்டாள்: "யாக்கோப்பண்ணை, அந்தாள் உங்களுக்கு எதிராய் எத்தினை பெட்டிசம் போட்டவர்! மறந்துபோட்டியளோ?"

"மறக்கேல்லைப் பிள்ளை. ஆள் இருந்தால்தானே இன்னும் போடுவார். ஓடிப்போய் நிப்பாட்டும்!"

திரும்பி வந்து சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊசியைப் பார்த்தார். அது அடியில் கிடந்தது. ஒரு வீட்டுக்குப் போகிற அளவுதான் அதில் இருந்தது. புகைபோக்கியிலும் புகை நூலாய் மெலிந்துவிட்டது. யாக்கோப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

மதிலுக்கு அப்பால் தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சரவணமுத்துவின் மனைவி சீதேவி சுத்தியலோடு மேற்கு யன்னலின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா செய்யிறியள்? புகையெல்லோ உள்ளுக்கு வரும்!"

"இண்டைக்குப் புகை மணக்கேல்லையாம். இஞ்சின் நிக்கப்போகுதோ எண்டு பயந்து சாகிறார். சத்தமாவது கேக்க வேணுமாம்."

யன்னல் கிறீச்சிட்டுத் திறந்தது. யாக்கோப்பு இஞ்சினுக்கும் கோலுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். கோலில் ஈரம் விரலளவாய்ச் சுருங்கியிருந்த நேரம், இறங்குதுறையிலிருந்து போன் வந்தது. படகு வந்துவிட்டது.

"சரவணமுத்தண்ணை! டீசல் வந்திட்டுது!" என்று அவர் யன்னலைப் பார்த்துக் கத்தினார்.

உள்ளே இருந்து, மூச்சு வாங்க வாங்க, பல வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல் அவரோடு பேசியது:

"அப்ப... ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஊருக்குக் கறண்டைக் குடும்! புகைஞ்சால்... புகையட்டும்!"