நாற்பத்தேழாவது வட்டம்

துடைத்து முடித்துவிட்டுத்தான் பச்சைச் சீட்டை வாசித்தாள் கண்ணாடியக்கா. சீட்டில் இருந்த எண் ஒன்று, கண்ணாடியின் மூலையில் இருந்த எண் இன்னொன்று. மேசையில் கிடந்த பஞ்சு கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பெல்லாம் ஒரு மனிதர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு போட்ட மை.

"கடவுளே, என்ன காரியம் பண்ணிட்டேன்!"

வானத்தை ஆராயும் நிலையம் அது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில்தான் வானத்தைப் படம் பிடிப்பார்கள். வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்புப் பொடியாகவும் விழும். நமக்குப் பக்கத்தில் உள்ள பெரிய நட்சத்திர மண்டலத்தை மட்டும் எழுநூறு கண்ணாடியில் எடுத்து வைத்திருந்தார்கள். பக்கம் என்றால் அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகுமாம். முதல் முறை கேட்டபோது கண்ணாடியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். மருந்துக்கடையில் பாட்டில் கழுவிய கை, உதறாத கை என்று பார்த்து, கூட்டிப் பெருக்க வந்தவளை இந்தக் கண்ணாடிகளைத் துடைக்கும் வேலைக்கு மாற்றினார்கள்; அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் கண்ணாடியக்கா. பஸ் ஓட்டும் அவள் புருஷன், "ஊருல எல்லாரும் வீட்டத் தொடைப்பாங்க. என் பொண்டாட்டி வானத்தையே தொடைக்கிறா" என்று டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கண்ணாடியின் ஒரு பக்கம் மருந்துப் பூச்சு; அதைத் தொடக்கூடாது. மறுபக்கம் வெறும் கண்ணாடி. ஆராய்ச்சிக்காரர்கள் அதில்தான் மையால் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் மையை அழிக்க வேண்டும். அழிக்கும் முன் போட்டோக்காரர் அதை அப்படியே படம் எடுத்து, உறைமேல் பச்சைச் சீட்டு ஒட்டுவார். சீட்டின் எண்ணும் கண்ணாடியின் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே பஞ்சைத் தொட வேண்டும். பதினோரு வருஷமாக அவள் தவறாத விதி இது.

இன்று பக்கத்து உறையின் சீட்டு பசையோடு இதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வட்டத்தை அழிக்கும்போதும் கடவுளின் நூற்றெட்டுப் பேரில் ஒவ்வொன்றாக வரிசைப்படி சொல்வாள். பேர் சொல்லும் அவசரத்தில் எண்ணைப் பார்க்க மறந்தாள்.

போட்டோக்காரர் வந்து பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பேசாம உறையில போட்டு வைங்க. எழுநூறுல ஒண்ணு. யாரு பாக்கப் போறா?"

"பாக்கறவன் பாத்துட்டான் தம்பி."

"இது பெரியவரோட கண்ணாடிக்கா! இன்னிக்குப் புதன்கிழமை வேற. வேலை போயிடும்."

பெரியவர் என்றால் ஓய்வு பெற்ற ஆராய்ச்சியாளர். பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் புதன்தோறும் கைத்தடியோடு வந்து, "நம்ம கண்ணாடி ஆச்சாம்மா?" என்று கேட்காமல் போகமாட்டார். பதினோரு மணிக்கு வந்தார். கேட்டார்.

"ஐயா, உக்காருங்க." என்றாள். "படம் எடுக்கறதுக்கு முன்னாடியே தொடைச்சுட்டேன் ஐயா. நீங்க போட்ட வட்டம் ஒண்ணுகூட இல்ல."

பெரியவரின் கைத்தடி தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நாப்பத்தாறு வட்டம் புஸ்தகத்துல இருக்கும்மா," என்றார் கடைசியில். "எல்லாம் அந்தப் பெரிய மண்டலத்தச் சுத்தி நிக்கிற நட்சத்திரக் கொத்துங்க. அச்சாயிடுச்சு, கவலையில்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாப்பத்தேழாவதுதான் எங்கயும் எழுதல. கொத்தா, வேற எதாவதான்னு சந்தேகம். பெரிய தொலைநோக்கியில பாக்கச் சொல்லலாம்னு வட்டம் மட்டும் போட்டு வச்சேன்; அப்போ அதுக்கு வாய்ப்பு கெடைக்கல. எந்த இடம்னு இப்போ நெனவு இல்லம்மா. சாகறதுக்குள்ள அது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் புதன் தவறாம வரேன்."

வந்த உயிர் மறுபடியும் போயிற்று. கண்ணை மூடி, பேர்களை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். கை தானாகக் காற்றில் வட்டம் வட்டமாக நகர்ந்தது. போட்டோக்காரர் மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"நாப்பத்தாறாவது பேரு சொன்னப்போ பஞ்சு கறுத்துடுச்சு. புதுப் பஞ்சு எடுத்தேன். புதுப் பஞ்சுக்கு ஒரே ஒரு வட்டம்தான் மிச்சம். தள்ளி, தனியா இருந்துச்சு. இதோ, எண்ணுக்கு மேல, ரெண்டு வெரல் தள்ளி!"

"தனியா… ஆமா, தனியாத்தான் இருந்துச்சு!" என்றார் பெரியவர். "லென்ஸ வச்சுப் பாரும்மா. என் கண்ணு உதவாது."

பதினோரு வருஷத்தில் அவள் லென்ஸ் வழியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூரான கறுப்புப் புள்ளிகளின் நடுவே ஒன்று மட்டும் ஈரத்தில் மை ஊறியதுபோல மங்கலாக இருந்தது. சொன்னாள்.

"அதேதான். பேனாவப் பிடி. நீயே வட்டம் போடு."

"ஐயோ, நானா? தொடைச்ச கை ஐயா இது!"

"தொடைச்ச கைக்குத்தானே இடம் தெரியுது?"

உதறாத கை அன்றைக்கு உதறியது. கோணல் வட்டம்தான் விழுந்தது. போட்டோக்காரர் படம் எடுத்த பிறகு, பச்சைச் சீட்டில் எண்ணை எழுதி, மூன்று தரம் உரக்க வாசித்து, அவளே ஒட்டினாள்.

மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். வேலை போகவில்லை. அந்த இடத்தைப் பெரிய தொலைநோக்கியில் பார்க்கச் சொல்லி எழுதினார்கள்; நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை பதில் வந்தது. போட்டோக்காரர் வாசித்தார். அது அந்தப் பெரிய மண்டலத்தைச் சேர்ந்த கொத்தே இல்லையாம். அதற்குப் பின்னால், எண்ணிக்கைக்கு அடங்காத தூரத்தில் இருக்கும் இன்னொரு முழு மண்டலமாம்.

"நல்லவேளை, புஸ்தகத்துல சேக்கல!" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. அந்த வட்டத்தை அழித்த தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தனை நட்சத்திரமும் சேந்து அந்த ஒரு புள்ளியா ஐயா?" என்றாள்.